பல்லேலுக்கு அப்பால்

இம்பாலிலிருந்து தென்கிழக்கே கிளம்பும் சாலை முதல் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சமதரையிலேயே ஓடுகிறது. தௌபால், காக்சிங் என்று ஊர்கள் வருகின்றன, இருபுறமும் நெல்வயல். பல்லேலில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து தெங்நௌபால் முகட்டுக்கு ஏறி, மறுபுறம் லோக்சாவ் ஆற்றுப் பாலத்துக்கு இறங்கி, குதெங்தபி சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சையெல்லாம் பிரித்துக் காட்டிய பிறகு மோரேக்குப் போய்ச் சேரலாம். மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர். இந்தியாவின் சாலைக் கணக்கு அங்கே முடிகிறது. சாலை முடிவதில்லை. எல்லையைத் தாண்டி மியான்மரின் தாமு, கலேவா, மொன்யுவா, மாண்டலே என்று போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று நாட்டு அரசுகள் போட்டுவைத்திருக்கும் திட்டப்படி தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் போக வேண்டும்.

இந்தியப் பக்கத்தில் இது தேசிய நெடுஞ்சாலை 39இன் பகுதியாகப் பல காலம் இருந்தது, இப்போது 102. ஐநா 1959இல் தொடங்கிய ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் இதற்கு எண் 1. டோக்கியோவிலிருந்து துருக்கி வரை இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையில் ஒரு துண்டு. காகிதத்தில் இவ்வளவு பெரிய சாலையின் வாழ்க்கையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், இரண்டு வகைக் கைகள் தெரிகின்றன. அகலப்படுத்தியவை, தார் போட்டவை, பாலம் கட்டியவை எல்லாம் ராணுவங்களும் அரசுகளும். அதன்மேல் ஒரு சந்தையை உண்டாக்கியவர்கள் தலைச்சுமைக்காரர்கள். ஓர் ஊரிலிருந்து துரத்தப்பட்டு இன்னோர் ஊரில் நின்றுபோனவர்கள். அவர்களில் தமிழர்கள் பலர். இந்தக் கதையைத் தமிழில் சொல்லும் கடன் நமக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

சாலைக்கு முன்னால் அங்கே மலைப்பாதைதான் இருந்தது. மணிப்பூர் மன்னர்களின் குதிரைப்படையும் பர்மிய அரசர்களின் படையும் மாறி மாறி வந்துபோன பாதை. மலைக்குக் கிழக்கே, தாமு ஊர் இருக்கும் நீண்ட தாழ்நிலத்துக்குக் கபாவ் பள்ளத்தாக்கு என்று பெயர். அது யாருடையது என்பதில் இரு அரசுகளுக்கும் தீராத வழக்கு. முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் 1826இல் முடிந்த பிறகு அந்த வழக்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1834இல் அவர்கள் பள்ளத்தாக்கைப் பர்மாவுக்கே கொடுத்துவிட்டு, மணிப்பூர் மன்னருக்கு இழப்பீடாக மாதம் 500 சிக்கா ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் ஒரு கோடு விழுந்தது. இருபுறமும் வாழ்ந்த குக்கி, நாகா, மெய்தெய் மக்களுக்கு அந்தக் கோட்டால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. பெண் கொடுத்த இடமும் எடுத்த இடமும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தன.

நூறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பர்மாவுக்குப் போன தமிழர்கள் இந்த மலைப்பக்கம் வந்ததில்லை. அவர்களுடைய வழி கடல்வழி. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி ரங்கூன் துறையில் இறங்கினார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்கள் கையில் வந்து சேர்ந்தது. மேஸ்திரிமார் கூட்டிப்போன கூலிகள் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்தார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தில் பாதிப்பேருக்கு மேல் இந்தியர்கள். ஊருக்குத் திரும்ப நினைத்தால் கப்பல் இருந்தது. தரைவழி ஒன்று உண்டு என்று யோசிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

1942இல் வந்தது. ஜப்பானியர் மார்ச் 8 அன்று ரங்கூனைப் பிடித்ததும் கடல் மூடிக்கொண்டது. இந்தியாவுக்குத் திரும்ப மூன்று தரைவழிகள்தான் மிஞ்சின: மேற்கே அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங் போவது, வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியே லேடோ போவது, நடுவில் சிண்ட்வின் ஆற்றைக் கலேவாவில் கடந்து தாமு வழியாக இம்பால் போவது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் இந்த வழிகளில் நடந்தார்கள். தமிழர், தெலுங்கர், ஒடியர், வங்காளியர், கைக்குழந்தையோடு நடந்தவர், கிழவியைத் தூளியில் தூக்கி நடந்தவர். வழியில் காலரா, மலேரியா, பசி. மே மாதம் மழை பிடித்ததும் மலைப்பாதை முழுக்கச் சேறானது. இறந்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை; பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை மதிப்பிடுகிறார்கள். எண்ணப்படாமல் விட்டதையே இந்தச் சாலை மீதான முதல் குற்றமாக நான் கருதுகிறேன்.

இன்னொரு குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. ஐரோப்பியருக்கு நல்ல வழி, ஊர்தி, முகாம். இந்தியருக்குக் கடினமான வழி, கால்நடை. வெள்ளையர் வழி, கறுப்பர் வழி என்றே மக்கள் பேசினார்கள். காங்கிரஸ் இந்தப் பாகுபாட்டை அந்த ஆண்டே கண்டித்தது. அகதிகள் இறங்கி வந்த அதே மலைப்பாதையில் அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மண்வெட்டியோடு ஏறினார்கள். இந்தியத் தேயிலைச் சங்கம் அனுப்பிய அந்தக் கூலிகள்தான் பல்லேலுக்கும் தாமுவுக்கும் இடையே பாதையை வெட்டி அகலப்படுத்தியவர்கள். அகதி முகாம்களில் கஞ்சி காய்ச்சியவர்களும் அவர்களே. ஆக, சாலையாக இது பிறந்த கணத்தில் ஒருபக்கம் சாகாமல் தப்ப நடந்தவர்கள், மறுபக்கம் கூலிக்குப் பாறை உடைத்தவர்கள். இரண்டு கூட்டமுமே வேறெங்கிருந்தோ கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட ஏழைகள்.

பின்வாங்கிய பிரிட்டிஷ் படையும் இவ்வழியேதான் வந்தது. மே 10 அன்று கலேவாவுக்குக் கீழே ஷ்வேஜின் துறையில் ஜப்பானியர் வந்து மோதியதும், டாங்குகளையும் பீரங்கிகளையும் கரையிலேயே விட்டுவிட்டு ஆற்றைக் கடந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானியப் படை அதே வழியில் எதிர்த்திசையில் ஏறியது. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் போரில், டாங்கும் கனரகப் பீரங்கியும் ஏறிவரத் தோதான வழி தாமு - பல்லேல் சாலைதான். அதனால் தெங்நௌபாலை ஒட்டிய ஷேனாம் கணவாயில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. மலைமுகடுகளுக்குச் சிப்பாய்கள் ஜிப்ரால்டர், மால்டா, கிரீட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகட்டையும் பிடித்தும் இழந்தும் திரும்பப் பிடித்தும் போரிட்டார்கள்.

அந்தச் சண்டையின் இரண்டு பக்கத்திலும் இந்தியர்கள் நின்றார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகப் பர்மாப் போர்முனையில் சாலையும் பாலமும் அமைத்தவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினரும் உண்டு; அதில் தமிழர்கள் நிறைய. எதிர்ப்பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்த படை அது. அதன் காந்திப் படையணி கபாவ் பள்ளத்தாக்கின் வழியே மேலேறி, மே மாதத் தொடக்கத்தில் பல்லேல் விமானத்தளத்தைத் தாக்கியது. உணவும் குண்டும் மருந்தும் போதாமல் மழையோடு திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் பசியும் வயிற்றுப்போக்கும் மலேரியாவும் கொன்றவர்களின் எண்ணிக்கை, சண்டையில் செத்தவர்களைவிட அதிகம். அவர்களுக்கு மோய்ராங்கில் நினைவிடம் இருக்கிறது. பல்லேல் வழியாகப் போகிற தமிழ்ப் பயணி யாராவது ஒரு நிமிடம் இறங்கி நின்றால் நல்லது.

அடுத்து ஆப்பிரிக்கர்கள் வந்தார்கள். கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா, நியாசாலாந்து நாடுகளின் வீரர்களைக் கொண்ட 11ஆம் கிழக்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவு, பின்வாங்கும் ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு 1944 மழைக்காலத்தில் கபாவ் பள்ளத்தாக்கில் இறங்கியது. மழையில் அங்கே படை நடத்தவே முடியாது என்று எல்லோரும் சொன்ன இடம். மலேரியாவுக்காகப் படைவீரர்கள் அதை மரணப் பள்ளத்தாக்கு என்று அழைத்தார்கள். டிசம்பரில் கலேவா அவர்கள் கைக்கு வந்தது. உடனே சிண்ட்வின் ஆற்றின்மீது 1,154 அடி நீளத்துக்கு மிதவை பெய்லி பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அது. சாலைக்குக் கல்லும் ஜல்லியும் கிடைக்காத இடங்களில் தாரில் தோய்த்த சணல் துணியைப் பாய்போல விரித்து அதன்மேல் லாரி ஓட்டினார்கள். இந்தச் சாலை ஒருநாளும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு வண்டிகளைப் பார்த்ததில்லை. போர் முடிந்ததும் அத்தனை பேரும் போய்விட்டார்கள். பாலம் கழற்றப்பட்டது. சணல் மக்கிப்போனது. காடு இரண்டு ஓரத்திலிருந்தும் உள்ளே வந்தது.

இனி நம்முடைய பகுதி. 1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டில் கடைகள், ஆலைகள், வங்கிகள் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மூன்று தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அந்தப் பத்தாண்டுகளில் வெளியேறினார்கள். தமிழர்களைக் கப்பல்கள் சென்னையில் இறக்கின. முகாம், கடன், சிறு நிலம், தையல் மெஷின் என்று அரசு ஏதோ கொடுத்தது. 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார் வந்தது. அதன் பின்தெருக்களில் பர்மிய உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் வந்தன. இந்தப் பாதி கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

தெரியாத பாதி, முகாமில் ஒட்டாமல் போனவர்களுடையது. அவர்களுக்குத் தமிழ்நாடு அப்பன் பாட்டன் சொல்லிக் கேட்ட ஊர். பிறந்தது, பேசியது, தொழில் கற்றது எல்லாம் பர்மாவில். பலர் திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். கப்பலில் போக ஆவணம் இல்லை. ரயிலேறிக் கல்கத்தா, அங்கிருந்து அசாம், அங்கிருந்து இம்பால், பல்லேல், மலை, எல்லை. 1942இல் அவர்களுடைய பெற்றோர் எந்த வழியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தார்களோ, அதே வழியில் இவர்கள் கிழக்கே போனார்கள். தாமுவில் பர்மியக் காவலர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் காட்டுவழியில் நுழைந்து பிடிபட்டார்கள்; சிலர் தப்பி உள்ளே போனார்கள். மிச்சப்பேர் எல்லைக்கு இந்தப் பக்கம், சில குடிசைகள் மட்டும் இருந்த மோரேயில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்கு விடுவான், நாளைக்கு விடுவான் என்று காத்திருந்த இடமே ஊராகிவிட்டது.

அவர்களிடம் மூன்று மூலதனங்கள் இருந்தன: பர்மிய மொழி, தாமுவிலும் மாண்டலேயிலும் இருக்கும் சொந்தக்காரர்கள், தமிழ்நாட்டு முகவரி. இந்தியாவில் எது மலிவு, பர்மாவில் எதற்குத் தட்டுப்பாடு என்பதை இரண்டு பக்கமும் வாழ்ந்தவன்தானே அறிவான்! சைக்கிள் உதிரிப்பாகம், மருந்து, நூல், துணி இங்கிருந்து போயின. அங்கிருந்து பாக்கு, பருப்பு, பூண்டு, மரச்சாமான், விலைக்கற்கள், பிறகு தாய்லாந்துச் செருப்பும் சீனக் கம்பளியும் டார்ச் லைட்டும் வந்தன. சட்டப்படி பார்த்தால் இதில் பெரும்பகுதி கடத்தல். இரண்டு அரசுகளும் வியாபாரத்துக்கு வழியே வைக்காத இடத்தில் வயிற்றுக்காக மூட்டை சுமந்தவனைக் கடத்தல்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்ச் சங்கம் வந்தது. அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எழும்பியது. கோபுரத்தைப் பார்த்தால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மியான்மர் என்று யாரும் நினைக்க முடியாது. காலையில் இட்லி, தோசைக் கடை; பக்கத்தில் மெய்தெய் பெண்களின் மீன்கடை; எதிரே நேபாளி, பஞ்சாபி, மார்வாடி, பிகாரி. குக்கிகள் அந்த மண்ணின் பெரும்பான்மை. ஒரு காலத்தில் மோரேயில் வியாபாரம் பேசத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. 1990களில் மலையில் இனமோதல்கள் மூண்டபோது தமிழர்களும் அடிபட்டார்கள். நிறையப்பேர் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார்கள். இன்று சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அரசு இந்தச் சந்தையைக் கண்டுகொள்ள 1990கள் வரை ஆனது. 1994 ஜனவரியில் இந்தியாவும் மியான்மரும் எல்லை வர்த்தக ஒப்பந்தம் செய்தன. 1995 ஏப்ரல் 12 அன்று மோரேயில் முறைப்படி வர்த்தகம் தொடங்கியது. முறை பண்டமாற்று. அனுமதித்த பொருள்கள் 22: பருப்பு, கடுகு, பூண்டு, வெங்காயம், மிளகாய், இஞ்சி, பாக்கு, வெற்றிலை, துடைப்பம், எள் என்று ஒரு பலசரக்குக் கடைப் பட்டியல். பிறகு அது 40 ஆனது, 62 ஆனது. 2015 டிசம்பர் முதல் பண்டமாற்று ஒழிந்து வழக்கமான ஏற்றுமதி-இறக்குமதி முறை வந்தது. வந்த பிறகுதான் சிக்கல். பண்டமாற்றில் ஐந்து மூட்டை கொண்டுவந்தவனும் ஆள். புதிய முறையில் வங்கிக் கடிதம், உரிமம், சுங்க முகவர் வைத்திருப்பவன்தான் ஆள். எல்லைக்குப் பக்கத்து ஊரில் வாழும் சிறுவியாபாரியிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சாலை வழியாக நடந்த அதிகாரபூர்வ வர்த்தகம் எப்போதும் மெலிந்தே கிடந்ததற்கு முதல் காரணம் இது.

சந்தை அதன் பாட்டுக்கு நடந்தது. மோரேக்கு எதிர்ப்புறம் நம்பலோங் என்ற பர்மியச் சந்தை வளர்ந்தது. இம்பாலிலிருந்து காலையில் ஜீப்பில் வந்து, கேட்டில் சிறு கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கி, நம்பலோங்கில் குடையும் போர்வையும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு, கேட் மூடுவதற்குள் திரும்பிவிட முடிந்தது. கேட்டைத் தாண்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடும். மியான்மர் நேரம் நமக்கு ஒரு மணி முந்தியது. வண்டி ஓடும் பக்கமும் மாறும். மியான்மரில் 1970 முதல் வலப்பக்கம். எல்லையில் இருக்கும் நட்புப் பாலத்துக்கு ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம். அந்த இரண்டு நிறத்தையும் பர்மியப் பெண்கள் தலையில் கூடையோடு தினமும் கடந்து மோரேயில் காய்கறி விற்றுவிட்டுப் போனார்கள். எல்லைமக்கள் விசாவின்றிப் பதினாறு கிலோமீட்டர் வரை வந்துபோகலாம் என்ற ஏற்பாடு அவர்களைக் காத்தது. 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ள எவரும் தரைவழியே கடக்கலாம் என்று வாசல் திறந்தது. 2019 ஜனவரியில் மோரேயில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. இந்தச் சாலைக்கு நல்ல காலம் என்று சொன்னால் அந்த இரண்டு ஆண்டைச் சொல்லலாம்.

சாலையின் உடம்புக்கு வருவோம். தாமுவிலிருந்து கலேவா வரை 160 கிலோமீட்டரை இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு புதுப்பித்துக் கொடுத்தது. 2001 பிப்ரவரி 13 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் அதைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே மூன்று நாட்டு நெடுஞ்சாலைத் திட்டம் பேச்சுக்கு வந்தது. தார் புதிது, பாலங்கள் பழையவை. போர்க்காலத்தில் போட்ட இரும்புப் பாலங்களின் மீதே, ஒற்றை வண்டி போகும் அகலத்தில், சாலை ஓடியது. பாரம் ஏற்றிய பெரிய லாரிக்கு அவை தாங்காது. 2012இல் மன்மோகன் சிங் மியான்மர் போனபோது அந்தப் பாலங்களை மாற்றித் தரவும், கலேவாவிலிருந்து யாஜி வரை 120 கிலோமீட்டரைப் புதிதாக அமைக்கவும் இந்தியா ஒப்புக்கொண்டது. 2016இல் முடிப்பதாகத் திட்டம். மாற்ற வேண்டிய பாலங்கள் 69. ஒப்பந்தம், ரத்து, வழக்கு, மறுஒப்பந்தம் என்று ஆண்டுகள் ஓடின. 2023இல் நெடுஞ்சாலை வேலை எழுபது சதவீதம் முடிந்ததாக மத்திய அரசு சொன்னது. மீதி முப்பதில்தான் அந்தப் பாலங்கள் இருக்கின்றன. 2004இலும் 2012இலும் ஆசியான் - இந்தியா கார் பேரணிகள் கொடி அசைத்துக்கொண்டு இவ்வழியே போயின. காருக்கு அந்தப் பாலம் போதும். பருப்பு லாரிக்குப் போதாது.

பருப்பு என்றதும் ஒரு கேள்வி வருகிறது. நம் வீட்டு இட்லி மாவில் விழும் உளுந்தில் கணிசமான பங்கு பர்மா உளுந்து. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தின் பெரும்பகுதி மியான்மரிலிருந்தே வருகிறது. 2021இல் செய்த ஐந்தாண்டு உடன்பாட்டின்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் எடுப்பதாக இந்தியா வாக்களித்தது. மொன்யுவா மியான்மரின் பெரிய பருப்புச் சந்தைகளில் ஒன்று. அந்த ஊர் இந்த நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் உளுந்து மூட்டை மேற்கே திரும்பிக் கலேவா, தாமு, மோரே என்று வந்திருக்க வேண்டும். வருவதில்லை. தெற்கே ரங்கூன் துறைமுகத்துக்குப் போய், கன்டெய்னரில் ஏறி, வங்காள விரிகுடாவைக் கடந்து சென்னையில் இறங்குகிறது. பர்மா உளுந்துக்கு நாடு முழுவதும் விலை பேசுவதே சென்னை விலையை வைத்துத்தான்.

காரணம் எளிது. மோரேயில் இறங்கிய மூட்டை தமிழ்நாட்டுக்கு வர இம்பால், கோஹிமா, திமாபூர், குவாஹாத்தி, சிலிகுரி, பிறகு நாட்டின் கீழ்முனை வரை இறங்க வேண்டும். வழியில் மலைச்சரிவு, கடையடைப்பு, சாலை மறியல், சீருடை போட்டவரும் போடாதவரும் கேட்கும் வசூல். கப்பல் வாடகை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆகவே இந்த நெடுஞ்சாலை வந்தால் தென்னாசியாவும் தென்கிழக்கு ஆசியாவும் சரக்கால் கலந்துவிடும் என்று கருத்தரங்குகளில் பேசுவதை நான் நம்பவில்லை. மொத்தச் சரக்குக்குக் கடல் இருக்கிறது. சாலைக்கு ஏற்ற வேலை வேறு: மணிப்பூர், நாகாலாந்து மக்களும் மியான்மரின் சகாயிங், சின் பகுதி மக்களும் தங்களுக்குள் காய்கறியும் துணியும் மருந்தும் மாற்றிக்கொள்வது, நோயாளி இம்பால் ஆஸ்பத்திரிக்கு வருவது, புத்த யாத்திரிகர் கயாவுக்குப் போவது. அந்த வேலைக்கு ஆறுவழிப்பாதை தேவையில்லை.

பாக்கு இதற்கு எதிர்ச் சாட்சி. கர்நாடக, கேரள விவசாயிகளைக் காக்க இந்தியா இறக்குமதிப் பாக்குக்கு நூறு சதவீத வரியும் குறைந்தபட்ச விலையும் வைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அந்த விலை கிலோவுக்கு 251இலிருந்து 351 ரூபாய் ஆனது. மியான்மரில் பாக்கு மலிவு. இத்தனை இடைவெளி இருந்தால் மூட்டை நடக்காமல் என்ன செய்யும்? பர்மியப் பாக்கு மலையெல்லாம் வழி கண்டுபிடித்து வந்தது. பிடிபட்டது, எரிக்கப்பட்டது, மறுபடி வந்தது. பாக்கோடு போதைப்பொருளும் தங்கமும் அதே வழிகளில் வந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஹெராயினும் மாத்திரைகளும் மணிப்பூர் இளைஞர்களை அழித்திருக்கின்றன. அதைத் தடுக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் கேட்டை மூடினால் முதலில் நிற்பது கீரைக்கூடை. மாத்திரைப் பொட்டலம் அன்று இரவே வேறு பள்ளத்தாக்கில் இறங்குகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட் மூடப்பட்டது. கொரோனா தணிவதற்குள் 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. சகாயிங் பகுதி ஆயுத எதிர்ப்பின் களமாயிற்று. தாமு - கலேவா சாலையில் கண்ணிவெடியும் பதுங்கித் தாக்குதலும் வழக்கமாயின. 1942போலவே அகதிகள் மேற்கே வந்தார்கள். 2022 ஜூலையில் மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் தாமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பக்கத்து ஊருக்குப் போய்வருவதுபோல எல்லை தாண்டிப் போய்வந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். தமிழ்நாட்டில் இரண்டு நாள் செய்தியாக இருந்தது, பிறகு மறந்துபோனோம்.

அடுத்த ஆண்டு மே 3 அன்று மெய்தெய் - குக்கி மோதலில் மணிப்பூரே பற்றிக்கொண்டது. மோரேயிலிருந்த மெய்தெய்கள் ஓடினார்கள். இம்பாலிலிருந்த குக்கிகள் ஓடினார்கள். மோரேயில் வீடுகள் எரிந்தன. சண்டையில் எந்தப் பக்கமும் சேராத தமிழர்களின் வீடுகளும் எரிந்தன. பல்லேலுக்கு இந்தப்புறம் ஒரு சமூகம், அந்தப்புறம் இன்னொரு சமூகம். இந்தச் சாலையில் எல்லை மோரேயில் இருந்தது போய், பல்லேலில் இன்னொரு எல்லை முளைத்தது. ஆசிய நெடுஞ்சாலை எண் 1இல், தன் சொந்த மாநிலத் தலைநகருக்குத் தரைவழியே போக முடியாமல் மக்கள் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு எல்லைமக்களின் தடையற்ற போக்குவரத்து ஏற்பாட்டை ரத்து செய்யப்போவதாகவும், 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலி போடப்போவதாகவும் அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் பதினாறு கிலோமீட்டர் பத்தானது. அதற்கும் நுழைவுச்சீட்டு, கைரேகை, குறித்த வாசல்.

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலிக்கும் பாலத்துக்கும் பணம் ஒதுக்குகிற அரசு, தலைச்சுமை வியாபாரிக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். வேண்டியவை பெரியவை அல்ல: சிறுவியாபாரிக்கென்று தனி வரம்பு, வங்கிக் கடிதம் கேட்காத எளிய ரசீது, வாசலிலேயே எடைபோட ஒரு தராசு, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, வாசல் எந்த நாளில் எந்த மணிக்குத் திறக்கும் என்ற நிச்சயம். இவற்றைச் செய்துவிட்டுப் பெரிய நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசலாம்.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. வெளிநாட்டில் மட்டுமல்லாமல் பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்காகவும் நலச்சட்டம் இயற்றிய மாநிலம் இது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களை நினைப்பதுபோல, மணிப்பூர் மூலையில் இருக்கும் அந்தச் சில ஆயிரம் பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும். எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கிடைத்ததா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, சென்னைக்குத் திரும்பியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஓர் அதிகாரியை அனுப்பிக் கேட்கலாம். இரண்டு முறை ஊரை இழந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மூன்றாம் முறையும் அவர்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு பல்லேல் வழியாக இறங்கட்டும் என்று நாம் விட்டுவிடக் கூடாது.